கை வைக்கக் கூடாத இருக்கை

ஓய்வு பெற்ற வாரம் மகன் தொலைபேசியில் கேட்டான், இனி எங்கே இருக்கப் போகிறீர்கள் என்று. விமானச் சத்தம் கேட்காத இடத்தில் என்றேன். அப்படித் தேடித்தான் பழவேற்காட்டை ஒட்டிய கோட்டைக்குப்பத்தில் ஒரு மாடி வீட்டை வாடகைக்குப் பிடித்தேன். ஏரியின் அந்தக் கோடியில் ராக்கெட் விடுகிறார்கள் என்பது தெரிந்தேதான் வந்தேன். ராக்கெட் எப்போதாவதுதான் போகும். போனது திரும்பி வராது. உரிமத்தைப் புதுப்பித்துக் கொடு என்று என் மேசை முன்னால் வந்து நிற்காது.

நான் விமானம் ஓட்டியவன் இல்லை. ஓட்டுகிறவர்களின் தகுதிகளைச் சரிபார்த்தவன். அதிலும் கடைசிப் பல வருடங்கள் என்னிடம் இருந்தது ஒரே ஒரு பிரிவு: பயிற்றுநர்களின் தகுதி மாற்றம். வெளியாருக்கு இது புரியாது என்பதால் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். விமானம் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர்களில் இரண்டு சாதி உண்டு. ஒருவர் உண்மையான விமானத்தில் மாணவனுக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து கற்றுக்கொடுப்பவர். மற்றவர் சிமுலேட்டரில் கற்றுக்கொடுப்பவர். சிமுலேட்டர் என்பது இரும்புக் கால்களின் மேல் நிற்கும் ஒரு பெரிய பெட்டி. உள்ளே விமானியின் அறை அச்சாக அப்படியே இருக்கும். ஜன்னலுக்கு வெளியே ஓடுதளமும் மேகமும் படமாக ஓடும். பெட்டி சாயும், குலுங்கும், எங்கேயும் போகாது. அதில் பயிற்றுநர் மாணவர்களுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு, பொத்தானை அழுத்தி இன்ஜினை அணைப்பார், மழையை வரவழைப்பார், தேவைப்பட்டால் எல்லாவற்றையும் அப்படியே நிறுத்திவைப்பார். கடவுள் வேலை. ஓய்வூதியம் மட்டும் கொஞ்சம் குறைவு.

விமானத்துப் பயிற்றுநர் சிமுலேட்டருக்கு வரலாம். சிமுலேட்டர்காரர் விமானத்துக்குப் போகலாம். முதல் வழி அகலம், இரண்டாவது வழி குறுகல். போவதற்கு உடல்தகுதிச் சான்று வேண்டாம், திரும்புவதற்கு வேண்டும். இதற்கு எத்தனை உட்பிரிவு, எத்தனை விதிவிலக்கு என்பது எனக்குத் தூக்கத்திலும் தெரியும். அந்தத் தூக்கத்தை நிம்மதியாகத் தூங்கத்தான் இந்த ஊருக்கு வந்தேன்.

வந்த மூன்றாவது மாதமே தகுதி மாற்றம் மாடிப்படி ஏறி வந்தது.

எனக்கு நண்டு கொடுக்கும் அம்மாள்தான் கொண்டுவந்தார். கூடையை இறக்கி வைத்துவிட்டு, “ஆபீசர் சாரு, நீ ஏரோப்ளேன் ஆபீசுல இருந்தியாமே? எம்பொண்ணு உன்னாண்ட பேசணும்னுது” என்றார்.

“உங்க பொண்ணு என்ன பண்றாங்க?”

“ஏரோப்ளேன் ஓட்டிச்சு. இப்ப ஓட்டல.”

அந்தப் பெண்ணை ஊரில் கேப்டன் என்றுதான் சொல்கிறார்கள், பாதி மரியாதை, பாதி கேலி. ஏரியில் வலை கட்டுகிறவரின் மகள் பெரிய விமானம் ஓட்டிய கதையைப் பத்திரிகைக்காரர்கள் ஏற்கெனவே எழுதித் தீர்த்துவிட்டார்கள்; நான் அதை விட்டுவிடுகிறேன். அவர்கள் எழுதாததை மட்டும் சொல்கிறேன். கேப்டன் ஓட்டியதோடு நிற்கவில்லை, மற்ற விமானிகளுக்குக் கற்றும் கொடுத்தார். நாற்பது வயதை நெருங்கும்போது சர்க்கரை வந்தது. மாத்திரையில் அடங்காமல் இன்சுலின் ஊசியில் வந்து நின்றது. ஊசி தொடங்கியதும் மருத்துவ வாரியம் நிரந்தரமாகத் தகுதியில்லை என்று எழுதிவிட்டது.

கேப்டனின் அம்மாவுக்கு அதில்தான் ஆத்திரம். “சக்கரைக்கு இன்னா சார்? இந்த ஊர்ல பாதிப் பேருக்கு கீது. அவனுங்க படகு ஓட்டலியா?”

கேப்டன் வந்தது மறுநாள் காலையில். நெடுநெடுவென்ற உருவம், பையில் ஊசிப் பெட்டி, பேச்சில் விமானத்து அறிவிப்பும் ஏரிக்கரையும் கலந்திருந்தன. சுற்றி வளைக்கவில்லை. “சார், சிமுலேட்டருக்கு மாத்திக்கலாம்னு இருக்கேன். என் இன்ஸ்ட்ரக்டர் தகுதி இன்னும் கொஞ்ச மாசத்துல காலாவதி ஆயிடும். அதுக்குள்ள முடியுமா?”

முடியும் என்றேன். விமானத்தில் கற்றுக்கொடுக்கும் தகுதி உயிரோடு இருக்கும்வரை அதை வைத்து மாறலாம். எல்லாவற்றையும் முதலிலிருந்து படிக்க வேண்டாம். சிமுலேட்டரில் தானே ஓட்டிக் காட்ட வேண்டும். பின்னால் இருக்கும் பொத்தான் பலகையைக் கையாளக் கற்றுக்கொள்ள வேண்டும். கடைசியில் ஒரு மதிப்பீட்டாளர் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க, உண்மையான மாணவர்களுக்கு ஒரு வகுப்பு எடுக்க வேண்டும். அவ்வளவுதான். தகுதி காலாவதியாகிவிட்டால் மட்டும் கதை வேறு. அதைப் புதுப்பிக்க உடல்தகுதி வேண்டும், அது இனிக் கிடைக்காது. கதவு அந்தப் பக்கமிருந்து பூட்டிக்கொள்ளும்.

கேப்டன் தலையை ஆட்டினார். பிறகு, தனக்குத் தெரியாததுபோல, “அங்க போயிட்டா திரும்பி வர முடியாது, இல்ல?” என்றார்.

உட்பிரிவைச் சொல்ல வாயெடுத்தேன்; அதை விட்டுவிட்டு, “நண்டுக் குழம்பு இருக்கு, சாப்பிட்டுப் போங்க” என்றேன்.

அம்மாவிடம் சிமுலேட்டர் என்றால் என்ன என்று விளக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. பறக்காது, ஆனால் பறப்பதுபோல இருக்கும் என்றேன். மீன் மார்க்கெட்டில் அன்றே அது “பொய் ப்ளேன்” ஆகிவிட்டது. இறால் விற்கும் பெண்கள் கேப்டனைப் பார்த்ததும் ஆரம்பித்துவிடுவார்கள். “இன்னாடி கேப்டன், பொய் ப்ளேனுக்கு டிக்கெட்டு எவ்ளோ? நாங்களும் ஏறிக்கிறோம், எறங்குற எடம் ஒண்ணுதான?” கேப்டனும் விடமாட்டார். “ஏறுக்கா, சாப்பாடும் பொய்தான் போடுவேன்.” எல்லோரும் சிரிப்பார்கள். அம்மா மட்டும் சிரிக்கமாட்டார். சத்தம் கேட்காத உயரத்தில் சென்னை விமானம் போனால் அண்ணாந்து பார்க்கும் பழக்கத்தை அவர் விட்டுவிட்டார் என்று கவனித்தேன்.

பயிற்சி நிலையம் நகரத்தின் தென்கோடியில். கேப்டன் விடியலில் பஸ் ஏறி, பொன்னேரியில் ரயில் பிடித்துப் போய்வந்தார். தானே ஓட்டிக் காட்டும் தேர்வு முடிந்தது. அதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. பொத்தான் பலகையும் பழகியது. மதிப்பீட்டு வகுப்புக்குப் போன அன்று மாலை, படகுத்துறை டீக்கடையில் உட்கார்ந்திருந்த என்னிடம் நேராக வந்தார். டீ சொல்லவில்லை.

“எழுந்துட்டேன் சார்” என்றார்.

“எங்கே எழுந்தீங்க?”

“சிமுலேட்டருக்குள்ள. டேக் ஆஃப் ஆனதும் ஒரு இன்ஜினை நான்தான் அணைச்சேன். பையன் தப்பான கால் பெடலை மிதிச்சான். ப்ளேன் சாயுது. நான் பெல்ட்டை அவுத்துட்டு எழுந்து, ரெண்டு பேருக்கும் நடுவுல கையை விட்டு, கன்ட்ரோலை புடிச்சு நிமித்திட்டேன்.”

டீக்கடைக்காரருக்கு இதில் என்ன தப்பு என்று புரியவில்லை. “காப்பாத்திட்டதான?” என்றார்.

எனக்குப் புரிந்தது. அலுவலகத்தில் இருந்தபோது இப்படிப்பட்டவர்களைப் பற்றிப் படித்திருக்கிறேன். விமானத்தில் வருடக்கணக்காகக் கற்றுக்கொடுத்தவர்களின் கை எப்போதும் ஒரு அங்குலம் அந்தரத்தில் இருக்கும். மாணவன் தவறினால் மூளைக்குச் செய்தி போகும் முன்னே கை போய்விடும். போகாத கைகளின் சொந்தக்காரர்கள் யாரும் என்னிடம் தகுதி மாற்றத்துக்கு வந்ததில்லை. அவர்கள் உயிரோடு இல்லை. சிமுலேட்டரில் இதே கை குற்றம். அங்கே மாணவன் தன் தப்பை அதன் கடைசிவரை பார்க்க வேண்டும். விமானம் விழ வேண்டும். விழுந்தபின் நிறுத்தி, ஏன் விழுந்தது என்று பேச வேண்டும். அதற்குத்தான் அந்தப் பெட்டியே. சிமுலேட்டரிலிருந்து விமானத்துக்குப் போகிறவர்களுக்கு இதற்கு நேர் எதிரான வியாதி: மடியில் கை வைத்துக்கொண்டு சுவாரசியமாகப் பார்த்துக்கொண்டிருப்பார்கள், நிறுத்தும் பொத்தான் எங்கேயோ இருக்கிறது என்ற நம்பிக்கையில்.

“மதிப்பீட்டாளர் என்ன சொன்னார்?”

“மரியாதையாத்தான் சொன்னார். ‘மேடம், நீங்க அவனுக்குக் கத்துக்கொடுக்கல, அவனுக்குப் பதிலா ஓட்டினீங்க’ன்னார். இன்னொரு வாய்ப்பு குடுத்திருக்கார். அதுலயும் எழுந்தா முடிஞ்சுது.”

முடிந்தது என்றால் எப்படி முடியும் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். இரண்டாவது முறையும் தோற்றால் முதலிலிருந்து விண்ணப்பிக்க வேண்டும். அதற்குள் பழைய தகுதி காலாவதியாகியிருக்கும். அதோடு விமானம் என்ற உலகத்தில் கேப்டனுக்கு உண்மையான இருக்கையும் இல்லை, பொய் இருக்கையும் இல்லை.

கேப்டன் ஏரியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு திடீரென்று கேட்டார். “சார், உங்களுக்குப் படகு தள்ளத் தெரியுமா?”

“தெரியாது.”

“சுத்தமா?”

“சுத்தமாக.”

“நல்லதாப் போச்சு” என்றார்.

இப்படித்தான் வாழ்நாள் முழுவதும் பயிற்றுநர்களின் தாள்களைப் பார்த்த நான், அறுபது வயதில் மாணவனானேன். திட்டம் எளிமையானது. அவருடைய அப்பாவின் படகில் நான் ஒரு முனையில் நின்று கழியை ஊன்றித் தள்ள வேண்டும். கேப்டன் மறுமுனையில் உட்கார்ந்திருப்பார். நான் என்ன தப்புச் செய்தாலும் எழக்கூடாது, கழியைப் பிடுங்கக்கூடாது. ஏரி பெரும்பாலும் இடுப்பளவுதான். விழுந்தாலும் எழுந்து நிற்கலாம். கடலோடு ஒப்பிட்டால் ஏரியே ஒரு சிமுலேட்டர்தான் என்று கேப்டன் சொன்னார். அந்த ஒப்புமை எனக்கும் பிடித்திருந்தது. பிடித்துப்போன ஒப்புமைகளை நம்பக்கூடாது என்பது அப்போது தோன்றவில்லை.

அவருடைய அப்பா வலையைச் சுருட்டிக்கொண்டே எங்கள் ஏற்பாட்டைக் கேட்டார். குறைவாகப் பேசும் மனிதர். “அப்ப ஆபீசரு கவுக்கணும், நீ சொம்மா பாக்கணும்.”

“ஆமா நைனா.”

“இதுக்கு பரீட்சையா?”

“ஆமா.”

“நான் பாஸ். உங்கம்மா என்னைத் திட்டும்போது அப்டித்தான் கீறேன்.”

முதல் நாள் கழியை ஊன்றினேன். கழி சேற்றில் நின்றது, படகு நகர்ந்தது, நான் இரண்டுக்கும் நடுவில் யாரோடு போவது என்று யோசித்தேன். யோசித்து முடிப்பதற்குள் கேப்டன் பாய்ந்து என் சட்டையைப் பிடித்துவிட்டார். கரையிலிருந்து ஒரே சத்தம். “அய்ய! புடிச்சிட்டா! ஃபெயிலு, ஃபெயிலு!” இறால் விற்கும் பெண்களுக்கு மதிப்பீட்டு விதிகள் அதற்குள் அத்துப்படி.

அடுத்த நாளிலிருந்து கேப்டன் தன் கைகள் மேலேயே உட்கார்ந்துகொண்டார். நான் தண்ணீரில் விழுந்தேன். கேப்டனின் முகம் சுளிந்தது, தோள் குலுங்கியது, ஆனால் எழவில்லை. நான் எழுந்து மூக்கில் போன உப்புத் தண்ணீரைச் சிந்தி, படகில் ஏறியபின், “ஏன் விழுந்தீங்கன்னு நீங்களே சொல்லுங்க” என்றார். சொன்னேன். “அப்ப அடுத்த தடவை?” அதையும் சொன்னேன். அடுத்த தடவை வேறு காரணத்துக்காக விழுந்தேன். நல்ல ஆசிரியை என்று தெரிந்தது. விழுந்தவனுக்குக் கோபம் வராமல் கேட்கத் தெரிந்தவர். சில நாட்களில் படகு நான் சொன்ன திசைக்கும் அதன் சொந்தத் திசைக்கும் நடுவில் எங்கேயாவது போகத் தொடங்கியது. கேப்டனின் கைகளும் தொடைக்கு அடியிலிருந்து மடிக்கு வந்தன.

அப்புறம்தான் வாடைக்காற்று அடித்த அந்தக் காலை.

இந்த ஏரியில் யார் வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் வலை கட்ட முடியாது. எந்த இடம், எந்த நாள், யாருக்கு என்று சீட்டுக் குலுக்கி முறை வைத்திருக்கிறார்கள். அதற்குப் பாடு என்று பெயர். பாடு வருகிற நாளில் அந்த இடம் அந்த வீட்டுக்குச் சொந்தம். மற்ற நாளில் அவர்களே அங்கே அந்நியர். நானும் பல சட்டப் புத்தகங்களைப் பார்த்தவன். இவ்வளவு குறைவான வார்த்தைகளில் இவ்வளவு ஒழுங்காக நடக்கிற சட்டத்தை வேறெங்கும் பார்த்ததில்லை.

அன்று காற்று படகின் பக்கவாட்டில் பிடித்துத் தள்ளியது. எதிரே வரிசையாகக் கழிகள், அவற்றுக்கிடையே ஒருவர் கட்டிய வலை. அன்று அவருடைய பாடு. நான் கழியை மாற்றி ஊன்றினேன்; படகு இன்னும் வேகமாக அந்தப் பக்கமே போனது. திரும்பிப் பார்த்தேன். கேப்டன் மடியில் கை கோத்து அமைதியாக உட்கார்ந்திருந்தார். முகத்தில் ஒரு சுளிப்புகூட இல்லை. சாதித்துவிட்டார் என்று ஒரு நொடி எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அடுத்த நொடி படகு வலைக்குள் ஏறியது. கழிகள் சாய்ந்தன, வலை கிழிந்தது, அதற்குள் இருந்த இறால் எல்லாம் சுதந்திரம் பெற்றது.

“பிடித்திருக்கக் கூடாதா?” என்று கத்தினேன்.

“பிடிக்கக் கூடாதுன்னுதான சார் வந்தோம்!” என்று கத்தினார் கேப்டன். சொல்லும்போதே அவர் முகம் மாறியது.

வலைக்காரர் மார்பளவுத் தண்ணீரில் நடந்து வந்தார். “அடியே ப்ளேன்காரி! கண்ணு அவிஞ்சு போச்சா? பேமானி வெளையாட்டெல்லாம் எம் பாட்டுலதானா?”

மாலையில் வலை பின்னும் கொட்டகையில் ஊர்ப் பெரியவர்கள் கூடினார்கள். நான் குளித்து, சட்டை மாற்றி, என் தரப்பைத் தயார் செய்துகொண்டு போனேன். கழி என் கையில் இருந்தது, படகைச் செலுத்தியவன் நான், ஆகவே பொறுப்பு என்னுடையது என்று ஒழுங்காக எடுத்துச் சொன்னேன். பெரியவர்களில் ஒருவர் கடைசிவரை பொறுமையாகக் கேட்டார்.

“ஆபீசரே, உனக்கு இந்த ஏரியில பாடு கீதா?”

“இல்லை.”

“பாடு இல்லாதவனுக்குக் குத்தமும் இல்ல. குந்து.”

உட்கார்ந்தேன். என் முப்பத்தைந்து வருட நடைமுறை அறிவை இவ்வளவு சுருக்கமாக யாரும் தள்ளுபடி செய்ததில்லை.

அவர் கேப்டனைப் பார்த்தார். “கழிய எவன் புடிச்சான்றது பேச்சு இல்லம்மா. தண்ணி தெரிஞ்சவங்க படகுல இருந்தாங்களா, இல்லியா?”

“இருந்தேன்” என்றார் கேப்டன்.

அதோடு விசாரணை முடிந்தது. கேப்டன் வீட்டுக்கு அடுத்து வரும் பாடு வலைக்காரருக்குப் போகும் என்று தீர்ப்பு. கேப்டனின் அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போனார். அம்மா வீட்டு வாசல் வரும்வரை பொறுத்திருந்து அங்கே ஆரம்பித்தார். “பொய் ப்ளேனுக்கு நெசப் பாட்டக் குடுத்துட்டு வந்துட்டா உம்பொண்ணு!” தெருவே கேட்டது.

மறுநாள் கேப்டன் என் வீட்டுப் படியில் வந்து உட்கார்ந்தார். ஊசி போட்டுக்கொண்டு, இட்லி சாப்பிட்டார். பிறகு, “மாத்தி மாத்திப் பண்ணிட்டேன் சார்” என்றார். “விட வேண்டிய எடத்துல புடிச்சேன், புடிக்க வேண்டிய எடத்துல விட்டேன். நைனா பாடு போச்சு.”

“நான்தான் படகை மோதினேன்.”

“உங்களுக்குத்தான் குத்தமே இல்லன்னுட்டாங்களே” என்று சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. “கையைக் கட்டிப் போட்டா போதும்னு நெனச்சேன். கை இல்ல சார் விஷயம். உக்காந்திருக்கிற எடம் எதுன்னு பாக்கவே இல்ல.”

நான் வருடக்கணக்காக ஆயிரம் பேரைப் பதிவேட்டின் ஒரு பத்தியிலிருந்து இன்னொரு பத்திக்கு மாற்றியிருக்கிறேன். மாறுகிறவர்களுக்குள் என்ன மாற வேண்டும் என்று எந்த உட்பிரிவும் சொல்லாது, சொல்ல முடியாது. அவர் தட்டில் இன்னும் இரண்டு இட்லி வைத்தேன்.

இரண்டாவது மதிப்பீட்டின் நாள் வந்தது. அது பறிபோன பாட்டின் நாளாகவும் அமைந்தது. காலையில் பஸ் நிறுத்தத்தில் கேப்டனின் அப்பா வெள்ளைச் சட்டையோடு நின்றுகொண்டிருந்தார்.

“நீ எங்க நைனா?”

“எம் பாட்டுல எவனோ வல கட்டுவான், நான் கரையில குந்திப் பாக்கணுமா? உன் பொய் ப்ளேனயாவது பாக்குறேன்.”

ஏன் நானும் போனேன் என்று கேட்டால், வலையைக் கிழித்தவன் என்ற முறையில் என்றுதான் சொல்ல வேண்டும்.

பயிற்சி நிலையத்தில் கேப்டன் உள்ளே போய்விட்டார். எங்களை மேல்மாடத்தில், கண்ணாடிக்குப் பின்னால் உட்கார வைத்தார்கள். கீழே பெரிய கூடத்தில் அந்தப் பெட்டி நீண்ட இரும்புக் கால்களில் நின்றது. அப்பா வெகுநேரம் அதையே பார்த்தார். “நண்டு மாதிரி கீது” என்றார். சரியான வர்ணனை.

உள்ளே நடப்பது எங்களுக்குத் தெரியாது. பெட்டி அசைவது மட்டும்தான் தெரியும். அதனால் அவருக்கு விளக்கினேன். முன்பக்கம் தூக்கினால் விமானம் கிளம்புகிறது. பிறகு உங்கள் மகள் ஒரு இன்ஜினை அணைப்பார். பெட்டி ஒரு பக்கம் சாயும். சாய்ந்து அப்படியே நின்றுபோனால், விமானம் விழுந்துவிட்டது, அவர் கை வைக்கவில்லை. சாய்ந்து நிமிர்ந்துவிட்டால்—

“இவ புடிச்சிட்டா.”

“ஆமாம்.”

மாணவனே சரிசெய்துவிட்டாலும் நிமிரும் என்பதை நான் சொல்லவில்லை. விளக்கத்தில் விதிவிலக்கைச் சேர்த்தால் கேட்பவர் குழம்புவார் என்பது என் பழைய அனுபவம்.

பெட்டிக்குள் நடந்து போக இருந்த பாலம் மேலே போனது. பெட்டி உயிர் வந்து அசைந்தது. கொஞ்ச நேரம் சின்னச் சின்ன நடுக்கம், தரையில் ஓடுவதைப்போல. முன்பக்கம் தூக்கியது. பிறகு வெடுக்கென்று இடப்பக்கம் திரும்பிச் சாய்ந்தது.

அப்பா கண்ணாடியில் கை வைத்தார். “சாயி” என்றார் மெதுவாக. “சாயி, சாயி.” தன் வாழ்நாளில் ஒரு படகு கவிழ வேண்டும் என்று அவர் வேண்டிக்கொண்டது அதுவே முதல் முறையாக இருக்கும்.

பெட்டி தயங்கியது. தள்ளாடியது. நிமிர்ந்தது. முன்பக்கம் தூக்கியபடி, மேலே ஏறுவதுபோலச் சீராக அசைந்தது.

அப்பா கண்ணாடியிலிருந்து கையை எடுத்துவிட்டார். விதிவிலக்கை இப்போது சொன்னேன். அவர் நம்பவில்லை, ஆறுதலுக்குச் சொல்கிறேன் என்று நினைத்திருப்பார். “பாடும் போச்சு, பரீட்சையும் போச்சு” என்று துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

பெட்டி தொடக்க நிலைக்கு வந்து மறுபடி ஓடியது. மறுபடி முன்பக்கம் தூக்கியது. இந்த முறை வலப்பக்கம். சாய்ந்தது, இன்னும் சாய்ந்தது, ஒரு உதறல் உதறியது, அப்படியே நின்றுவிட்டது. கூடத்தில் இயந்திரத்தின் முனகல்கூட அடங்கியதுபோல இருந்தது. கோணலாக, ஒரு காலைத் தூக்கிய நண்டாக, பெட்டி அசையாமல் நின்றது. நானும் அவரும் மூச்சுவிடாமல் பார்த்தோம். நின்றுகொண்டே இருந்தது. உள்ளே யாரோ யாரிடமோ ஏன் விழுந்தோம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று எனக்குத் தெரியும். அந்தக் கேள்வி கேட்கப்படும் தொனிகூடத் தெரியும். நனைந்த சட்டையோடு அதற்குப் பதில் சொன்னவன் நான்.

வகுப்பு முடிந்து பாலம் இறங்கியது. முதலில் வெளியே வந்தவர்கள் இரண்டு இளம் விமானிகள், வேர்த்து, ஏதோ வாதாடிக்கொண்டு. பிறகு மதிப்பீட்டாளர். கடைசியில் கேப்டன், மேல்மாடத்துக்குப் படியேறி வந்தார். முகத்திலிருந்து ஒன்றும் படிக்க முடியவில்லை.

அப்பா கேட்டார். “எத்தினி பேரு செத்தாங்க?”

“அத்தினி பேரும், நைனா.”

“அப்ப பாஸா?”

“பாஸு.”

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு மகளிடம், “மொதல்ல நிமிந்துச்சே, அது?” என்றார்.

“அது அவனே கண்டுபுடிச்சான் நைனா. தப்பான காலைத்தான் மிதிச்சான். நான் சும்மா இருந்தேன். ரொம்ப நேரம் மாதிரி இருந்துச்சு. அப்புறம் அவனே காலை மாத்திட்டான்.” கேப்டன் தன் கைகளைப் பார்த்துக்கொண்டார். “போன தடவையும் அவனை விட்டிருந்தா, அப்பவே மாத்தியிருப்பானோ என்னவோ.”

“அதே பையனா?” என்றேன்.

“அதே பையன்தான்.”

திரும்பும்போது ரயிலில் நல்ல கூட்டம். மீஞ்சூரில் தொழிற்சாலை ஆட்கள் இறங்கியதும் கொஞ்சம் காற்று வந்தது. கேப்டனின் அப்பா கைபேசியில் வீட்டுக்குப் பேசினார். அந்தப் பக்கம் அம்மாவின் குரல் எங்களுக்கே கேட்டது. பாஸ் என்பதை இரண்டு முறை சொல்ல வைத்தார். பிறகு, அந்த வலைக்காரன் நம் பாட்டில் கட்டியதில் ஒன்றும் பெரிதாக விழவில்லை என்று செய்தி சொன்னார். இரண்டில் எது அம்மாவுக்கு அதிக சந்தோஷம் கொடுத்தது என்று என்னால் தீர்மானிக்க முடியவில்லை.

அப்பா அந்தச் செய்தியோடு எழுந்து கதவருகே போய், கம்பியைப் பிடிக்காமல், இரண்டு கையாலும் துண்டைக் கட்டிக்கொண்டு வெளியே பார்த்து நின்றார். அலையில் நிற்கிறவருக்கு ரயில் என்ன ரயில். அனுப்பம்பட்டு தாண்டி வண்டி ஒரு வளைவில் குலுங்கியது. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கேப்டன் எப்போது எழுந்தார் என்று நான் பார்க்கவில்லை. பார்த்தபோது அப்பாவின் வெள்ளைச் சட்டைக் காலர் அவர் பிடியில் இருந்தது.

“வுடுடி! பாஸான கையி, சொம்மா இருக்காதா?”

“இது ஓடற வண்டி, நைனா” என்றார் கேப்டன். பொன்னேரி வரும்வரை விடவில்லை.